சின்னத்தை தோட்டத்துச் சாம்பல்

என் மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது நான் காய்கறிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் ஒரு முறை, மஞ்சள் தண்ணீரில் ஒரு முறை, பிறகு புளி கரைத்த தண்ணீரில் ஒரு முறை. முதல் ஷிப்ட் முடிந்து வரும் என் கணவர் குளியலறைக் கதவைத் திறந்தால் வாளியில் முட்டைக்கோசு மிதக்கும்.

"நான் எதுல குளிக்கிறது?" என்பார்.

கைபேசியைத் திறந்தால் திராட்சையில் மருந்து, காலிஃபிளவரில் மருந்து என்று யாராவது எதையாவது அனுப்பியிருப்பார்கள். மகளின் முழங்கை மடிப்பில் ஒரு தடிப்பு வருவதும் போவதுமாக இருந்தது. மருத்துவர் வெயில் என்றார். நான் கத்திரிக்காய் என்று முடிவு கட்டினேன். மறுநாள் வெயில்தானோ என்று தோன்றும். அதற்கடுத்த நாள் மறுபடியும் கத்திரிக்காய்.

அந்தச் சமயத்தில்தான் வேளாண்மைத் துறையின் இயற்கை விவசாயக் குழுத் திட்டம் என் மாமியார் ஊருக்கு வந்தது.

நான் நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வேதியியல் படித்தேன். வேலை தேடும் முன்பே கல்யாணம், கல்யாணமான மறுவருடமே குழந்தை. கணவர் சுரங்கத்தில் பெர்மனெண்ட். அவருடைய ஊர் மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஸ்கூட்டியில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தது. மாமியார் அங்கே தனியாக இருந்து, சுரங்கத்துக்கென்று எடுத்தது போக மிஞ்சிய நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நான் வாரத்தில் சில நாள் குழந்தையோடு போய் வருவேன். போகாவிட்டால் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லமாட்டார் என்பதாலேயே நான் தவறாமல் போனேன்.

ஊர் நூலகக் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. கறிவேப்பிலை பறித்துப் போக வந்த என்னை மாமியார் கையோடு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார். வேளாண்மை அலுவலராக வந்திருந்தவர் என் வயதுக்குக் கொஞ்சம் மூத்த பெண். திட்டத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. அலங்காரமே இல்லை. சேர்ந்தாற்போல் நிலம் உள்ளவர்கள் ஒரு குழுவாக வேண்டும். ரசாயன உரம், பூச்சிமருந்து இரண்டையும் விட்டுவிட வேண்டும். அரசு பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை தரும், மண்புழு உரம் போடப் படுக்கை தரும், கரைசல் கலக்க டிரம் தரும், பயிற்சி தரும். மூன்று வருடம் ஒழுங்காக நடந்தால் இயற்கை விளைச்சல் என்ற முத்திரை. முதல் வருடம் முடிந்ததிலிருந்து அதுவரைக்கும் 'மாறிவரும் நிலம்' என்ற சின்ன முத்திரை. அது இருந்தாலே நகரியத்தில் சனிக்கிழமை மாலைகளில் குழுவுக்கென்று போடப்போகும் கடையில் விற்கலாம்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் கை தூக்கினார். "மேடம், மூணு வருஷம்ன்றீங்க. மூணு வருஷத்துக்கு இந்த நெலம் எங்க கையிலயே இருக்கும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

கூட்டமே சிரித்தது. "அது என் டிபார்ட்மெண்ட் இல்லைங்க" என்று அலுவலரும் சிரித்தார்.

"சரி, நாங்க மருந்து அடிக்கலன்னு யாரு வந்து செக் பண்ணுவாங்க?"

"நீங்கதான்."

"நாங்களேவா?"

"ஆமாங்க. உங்க வயலை அவரு பாப்பாரு, அவரு வயலை இன்னொருத்தர் பாப்பாங்க. பக்கத்து வயல்காரருக்குத் தெரியாம நீங்க யூரியா போட்டுட முடியுமா?"

"தெரியாம போட முடியாதுங்க. ஆனா தெரிஞ்சாலும் சொல்ல மாட்டான்."

மறுபடியும் சிரிப்பு. அலுவலர் விடவில்லை. "சொல்லணும். அதுதான் இந்தத் திட்டமே. சொந்தக் குடும்பத்து வயலை மட்டும் நீங்களே பாத்துக்காதீங்க."

அங்கேதான் சிக்கல் வந்தது. எல்லாரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் ஒன்று மாமன் மச்சான், இல்லையென்றால் பங்காளி. அலுவலர் சொன்ன 'குடும்பம்' அவர்கள் கணக்கில் ஊரின் பாதி. யார் யார் வயலைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்த பேச்சு, யார் யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்று போய், பழைய கல்யாணச் சண்டை ஒன்றைத் தொட்டது. என் மாமியார் எழுந்தார்.

"எதுக்கு இவ்ளோ பேச்சு? எம் மருமவ இருக்கா. தெக்கத்திப் பொண்ணு. இங்க யாருக்கும் சொந்தமில்ல."

"உனுக்குச் சொந்தமாச்சே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனுக்கு மட்டும்தான? எங்க வயல வேற யாரனா பாத்துக்கட்டும். உங்க வயல எல்லாம் இவ பாக்கட்டும். படிச்சவ."

அலுவலர் என்னைப் பார்த்தார். "ஒரே வீட்டுல இல்லைன்னா போதும். நீங்க பாப்பீங்களா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமியார் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், வேதியியல் படித்தவளுக்கு வெண்டைச் செடிக்கும் புளிச்சக்கீரைச் செடிக்கும் வித்தியாசம் தெரியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த முதல் வருடத்தைப் பற்றி இப்போது உறுதியாகச் சொல்வேன். திட்டம் நன்றாக நடந்தது. விதை கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. நீல டிரம்மில் முதல் மாதம் எல்லாரும் குடிதண்ணீர் பிடித்து வைத்தார்கள். இரண்டாம் மாதம் அலுவலர் ஒவ்வொரு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு சாணத்தையும் கோமியத்தையும் ஊற்ற வைத்தார். பஞ்சகவ்யா நாற்றத்தில் என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலில் கால் வைத்தால் மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. என் மாமியார், யார் வந்தாலும் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி மோந்து பார்க்கச் சொன்னார். மோந்து பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை.

எல்லாரையும்விட ஆர்வமாக இருந்தவர் சின்னத்தை. என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர், நாற்பதைத் தாண்டியவர். கிணற்றை ஒட்டிய சின்னத் தோட்டத்தில் கத்திரி, கொத்தவரை, கீரை போட்டிருந்தார். அதற்கு முன் பல வருடங்களாக நகரியத்தில் காண்ட்ராக்டில் தெருக்கூட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இருட்டு பிரியும் முன்பே வேன் வரும், சாப்பாட்டுத் தூக்கோடு ஏறுவார். சனிக்கிழமைக் கடை உறுதியானதும் மேஸ்திரியிடம் இனிமேல் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"இத்தினி வருஷம் அந்தத் தெருவெல்லாம் கூட்டினேன். இனிமே அதே தெருவுல கூடைய வெச்சிகினு உக்காரப்போறேன். குப்பை போட்டவங்க எல்லாம் எங்கிட்ட வந்து காய் கேக்கட்டும்" என்றார்.

அவருடைய கத்திரிக்காய் மட்டும்தான் நான் வாளியில் போடாமல் நேரே அரிந்த காய். பிஞ்சாகப் பார்த்துப் பறித்து என் மகளுக்கென்று தனியாக ஒரு பையில் கட்டி வைத்திருப்பார்.

கடை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு வயல் பார்க்கும் முறை வந்தது. என்னோடு குழுவிலிருந்து இன்னும் இருவர், இருவரும் பெரியவர்கள். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதிக் கூட்டத்தில் படிப்பது என் வேலை. அந்த ஊரில் வயல் பார்ப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவருடைய வரப்பில் ஏறிக் குனிந்து பார்த்தால் அது அவரைச் சந்தேகப்படுவது. அதனால் அவர்கள் வயலுக்கு வருவார்கள், வயலுக்குள் வரமாட்டார்கள். பம்புசெட் மேடையில் உட்கார்ந்து மோர் குடிப்பார்கள். சொந்தக்காரர்களின் நலம் விசாரிப்பார்கள். எழுந்து துண்டை உதறி, "நல்லா இருக்குது" என்பார்கள். அவ்வளவுதான். சின்னத்தை தோட்டத்திலும் அதையே செய்தார்கள்.

"நீ ஒரு சுத்து சுத்திட்டு வாம்மா. நாங்க இங்கேர்ந்தே பாத்துக்கறோம்."

"இங்கேர்ந்து என்னங்க தெரியும்?"

"பச்சையா இருக்குதுல்ல, தெரியுதே."

நான் சின்னத்தையோடு உள்ளே போனேன். கொத்தவரை நன்றாக இருந்தது. கீரைப் பாத்தி கண்ணுக்குக் குளிர்ச்சி. கத்திரிப் பாத்தியில் இலைகள் எல்லாம் சாம்பல் படிந்து வெளுத்திருந்தன. அசுவினிப் பூச்சிக்குச் சாம்பல் தூவலாம் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டே ஒரு இலையைத் தொட்டேன்.

விரலில் வழுக்கியது.

அடுப்புச் சாம்பல் அப்படி இருக்காது. அதில் கரித்துண்டு இருக்கும், எரியாத சுள்ளி முனை இருக்கும், விரலில் நறநறக்கும். இது முகப்பவுடர் மாதிரி இருந்தது. நகரியத்தில் வளர்ந்தவளுக்கு இது புதிதில்லை. பழுப்பு நிலக்கரி எரிந்த சாம்பல். வீடு கட்டும் கல் செய்ய லாரி லாரியாகப் போகும் சாம்பல். எங்கள் அப்பா ஓய்வுபெற்றுக் கட்டிய வீட்டின் சுவரே அந்தக் கல்தான்.

"சின்னத்தை, இது எந்தச் சாம்பல்?"

"சாம்பல்தான். உங்க சின்னமாமா கல்லு பட்டறையிலேர்ந்து ஒரு மூட்டை கொண்ணாந்தாரு. சல்லடையே வேணாம், எவ்ளோ நைஸா இருக்குது பாத்தியா?" அவர் முகத்தில் பெருமை இருந்தது.

சின்னத்தையின் கணவரான சின்னமாமாவுக்கு மந்தாரக்குப்பத்தில் சாம்பல் கல் அறுக்கும் ஒரு பட்டறையில் சுமை ஏற்றும் வேலை.

"அடுப்புச் சாம்பல் மட்டும்தான் போடணும்னு சொன்னாங்களே."

"அடுப்பு எங்கம்மா இருக்குது? கேஸு வந்து எத்தினி வருஷமாச்சு? கேஸு குடுத்ததும் கவர்மெண்டு, சாம்பல் போடுன்றதும் கவர்மெண்டு. நான் எங்க போறது?" சிரித்துக்கொண்டே சொன்னவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "ஏன், இது ஆவாதா? சாம்பல்ல என்ன நல்ல சாம்பல் கெட்ட சாம்பல்? மருந்தா அடிச்சேன்?"

"தெரியல சின்னத்தை. கேட்டுட்டுச் சொல்றேன்."

பம்புசெட் மேடையில் இருந்து குரல் வந்தது. "இன்னாம்மா, முடிஞ்சுதா? மோரு ஆறிப்போவுது."

மோர் எப்படி ஆறும் என்று கேட்க எனக்கு அப்போது தெம்பு இல்லை.

அலுவலருக்கு அன்றைக்கே போன் செய்தேன். யார் தோட்டம் என்று சொல்லவில்லை. அவர் தெளிவாகச் சொன்னார். "விறகுச் சாம்பல்னா சரி. நிலக்கரிச் சாம்பல் இந்த முத்திரைக்கு ஆகாது. அது கெட்டதுன்னு நான் சொல்லலை, அதுக்கு வேற உபயோகம் இருக்கு. ஆனா இதுக்கு ஆகாது. எந்தப் பாத்தில போட்டாங்களோ அந்தப் பாத்தி மறுபடியும் முதல்லேர்ந்து." கொஞ்சம் நிறுத்தி, "மறைக்கச் சொல்லி யாராவது கேட்டா, மறைச்சது தெரிஞ்சா குழுவே போயிடும்னு சொல்லுங்க" என்றார்.

முதலிலிருந்து என்றால் சின்ன முத்திரைகூட இல்லாமல் ஒரு வருடம். முத்திரை இல்லாமல் சனிக்கிழமைக் கடையில் குழுவின் பெயரில் விற்க முடியாது. கத்திரிதான் சின்னத்தைக்குப் பெரிய வரும்படி. கடையில் இடமில்லை என்றால் மறுபடியும் மேஸ்திரியிடம் போய் நிற்க வேண்டும். மேஸ்திரிகள் திரும்பி வருபவர்களை எப்படி நடத்துவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

மாமியாரிடம் சொன்னேன். அவர் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தார். புடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அவ வேலைய வுட்டுட்டாளே."

"தெரியும் அத்தை."

"சாம்பல்தானம்மா."

"ஆமா அத்தை."

"நீ எழுதலன்னா?"

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. உளுந்து மட்டும் கொஞ்சம் வேகமாகப் பறந்தது.

கணவர் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவரிடமும் கேட்டேன். ஷூவுக்குள் காலை நுழைத்தபடி, "சின்னம்மா எனக்குச் சோறு ஊட்டினவங்க. எங்கிட்ட கேக்காத. நான் எழுதாதன்னுதான் சொல்லுவேன்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "அதனாலதான் எங்கம்மா உன்னைப் பாக்கச் சொல்லியிருக்காங்க. எங்க யாராலயும் முடியாதுன்னு." கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

இரண்டு நாள் எனக்குள்ளேயே வாதாடினேன். ஒரு முறை எழுதுவது சரி என்று தோன்றும். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, பிஞ்சுக் கத்திரிக்காயைப் பார்த்தால் தவறு என்று தோன்றும். கடைசியில் ஒன்று பிடிபட்டது. நான் காய்கறிகளை வாளி வாளியாகக் கழுவிக்கொண்டிருந்தது காயில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அல்ல. அதை விற்பவர் சொல்வதை நம்ப முடியாததால். இப்போது நகரியத்தில் என்னைப் போலவே ஒவ்வொரு ப்ளாக்கிலும் வாளியோடு நிற்கும் பெண்கள் சனிக்கிழமை அந்த மேசைக்கு வருவார்கள். அவர்கள் நம்பப்போவது முத்திரையை. முத்திரைக்குப் பின்னால் இருப்பது நான். பம்புசெட் மேடையில் மோர் குடித்த இருவர் இல்லை.

எழுதுவதென்று முடிவு செய்தேன். ஆனால் கூட்டத்தில் போய்த் திடுமென்று சொல்லக் கூடாது, முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தேன்.

காலையில் போனபோது சின்னத்தை கிணற்றடியில் கீரைக் கட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலேயே சொன்னேன்.

கீரையைத் தண்ணீரில் அலசினார், உதறினார், மறுபடி அலசினார்.

"தெக்கத்திக்காரின்னு காட்டிட்ட."

"சின்னத்தை..."

"உம் பொண்ணுக்குப் பிஞ்சா பாத்துப் பறிச்சுக் குடுத்தேனே. அது அப்ப இனிச்சுதா?"

"இனிச்சுது. இன்னும் இனிக்கும். அதனாலதான் நேர்ல வந்து சொல்றேன்."

"நேர்ல வந்து குத்தினா வலிக்காதா?"

என் மகள் கீரைக்கட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். சின்னத்தை பார்க்காத மாதிரி இருந்தார்.

"கொத்தவரைக்கு அந்தச் சாம்பல் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு எதுக்குப் போடறேன்? அதுலதான் பூச்சியே இல்லியே."

"கீரைக்கு?"

"கீரைல சாம்பல் போட்டா எவ வாங்குவா? நீயே வாங்க மாட்ட."

"அப்ப அந்த ரெண்டு பாத்தியும் பாஸ். அதையும் நான்தான் எழுதப்போறேன். கத்திரிப் பாத்தி மட்டும்தான் முதல்லேர்ந்து. கடையில உங்க இடம் போகாது."

அவர் நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். அலுவலர்கிட்டயும் கேட்டுட்டேன். பாத்தி பாத்தியாத்தான் கணக்கு."

அதுவரை என் வாழ்க்கையில் 'நான் சொல்றேன்' என்று யாரிடமும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சின்னத்தை கீரைக் கட்டுகளைக் கூடையில் அடுக்கினார். "போ. கூட்டத்துல பாக்கலாம்" என்றார். அது சமாதானமா மிரட்டலா என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பினேன். குழந்தையின் கையில் ஒரு கீரைத்தண்டு இருந்தது. எப்போது கொடுத்தார் என்று நான் பார்க்கவில்லை.

கூட்டத்தில் என் முறை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அலுவலர் உட்காரும் முன்பே எழுந்து நின்றார்.

"இங்க எவன் எவன் வூட்டுல வெறகு அடுப்பு எரியுது? கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஒருவர், "பொங்கலுக்கு எரிப்போம்" என்றார்.

"பொங்க வரிக்கும் அசுவினி காத்துகினு இருக்குமா? நான் கல்லு பட்டறை சாம்பல எம் கத்திரிக்குப் போட்டேன். அது ஆவாதாம். அந்தப் பொண்ணு பாத்துட்டு எழுதிடுச்சு. எழுதட்டும். எம் பாத்தி முதல்லேர்ந்து வரட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். சாம்பல் போடு, சாம்பல் போடுன்னு சொல்லிகினு இருக்கீங்களே, சாம்பலுக்கு எங்க போறது? அதச் சொல்லிட்டுப் போங்க மேடம்."

பிறகு மோர் குடித்த பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "நானும் ரெண்டு மூட்டைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். வெண்டைக்கு. இன்னும் வரல."

"எனக்கு வந்துடுச்சு. மூட்டை பிரிக்கல" என்றார் இன்னொருவர்.

"அடப்பாவிங்களா, நான் மட்டும்தான் மாட்டினேனா?" என்றார் சின்னத்தை. அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் எழுந்தது. அவருமே சிரித்துவிட்டார்.

அலுவலர் தன் தலையைத் தட்டிக்கொண்டார். "சாம்பல் எல்லார் வீட்டுலயும் இருக்கும்னு நினைச்சிட்டேங்க. எங்க வீட்டுலயே இல்லை." பயிற்சியில் எந்தச் சாம்பல் என்று இனிமேல் தனியாகச் சொல்வதாகச் சொன்னார். வேப்பங்கொட்டைக் கரைசலை அடுத்த வாரமே வந்து செய்து காட்டுவதாகவும் சொன்னார். இருந்தாலும் சாம்பல் வேண்டும் என்று சின்னத்தை பிடிவாதமாக நின்றார். அவருக்குச் சாம்பலில்தான் நம்பிக்கை.

"நான் கொண்டுவரேன்" என்று எனக்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது.

எங்கள் ப்ளாக்குக்குப் பின்புறம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே இன்னும் சவுக்கு விறகில்தான் சமைத்தார்கள். முகூர்த்தம் முடிந்த மறுநாள் போய்ச் சமையல்காரரிடம் சாம்பல் கேட்டேன்.

"பாத்திரம் தேய்க்கவாம்மா?"

"இல்லைங்க, கத்திரிக்காய்க்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத்திரிக்காயை எண்ணெயிலதாம்மா வதக்கணும்" என்றார்.

விளக்கிச் சொன்னதும் அவரே இரண்டு கோணி நிறைய அள்ளிக் கட்டிக் கொடுத்தார். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு கோணி, பின்னால் ஒரு கோணி. ப்ளாக் மூலையில் பூங்காவில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுடிதாரின் முழங்காலுக்குக் கீழே முழுதும் சாம்பல். யார் என்ன நினைப்பார்களோ என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. மந்தாரக்குப்பம் ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான், நினைக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

சின்னத்தை கோணியை அவிழ்த்து ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்தார். ஒரு கரித்துண்டைப் பொறுக்கி எறிந்தார். "சலிக்கணும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சில வாரங்களும் அப்படித்தான். என் மகளுக்கு வரும் பையில் கத்திரிக்காய் இல்லை, கொத்தவரை மட்டும் இருந்தது. பை வந்தது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. போதாமல் இருந்த நாட்களும் உண்டு.

சனிக்கிழமைக் கடை தொடங்கியது. கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நீளமான இரண்டு மேசைகள், குழுவின் பெயர் எழுதிய ஒரு துணி. முதல் வாரமே கூட்டம். கைபேசிக் குழுக்களில் நான் அனுப்பியது ஒரு பக்கம், அலுவலர் அவருக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியைகளிடம் சொன்னது ஒரு பக்கம். சின்னத்தை மேசையின் ஓரத்தில் கொத்தவரையும் கீரையும் பரப்பியிருந்தார். தரையில் தனியாக ஒரு தார்ப்பாயில் கத்திரிக்காய் குவித்திருந்தார். அங்கே முத்திரை ஒட்டவில்லை. தார்ப்பாய் மேசையின் நிழல்கூடப் படாமல் தள்ளிப் போடப்பட்டிருந்தது.

சேலை மடிப்புக் கலையாமல் ஒரு அம்மா வந்தார். கீரை வாங்கினார். தரையைப் பார்த்தார்.

"அது ஏன் கீழ இருக்கு? அழுகினதா?"

"பாத்தா அழுகின மாதிரியா இருக்குது? நல்ல காய்தாங்க. அதுக்கு முத்திரை இல்ல. மருந்து அடிக்கல, ஆனா போடக் கூடாத சாம்பலைப் போட்டுட்டேன். அதனால அந்தப் பாத்தி முதல்லேர்ந்து வருது."

அந்த அம்மா இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. "நீங்களே சொல்றீங்க?"

"நான் சொல்லலன்னா, தோ நிக்குது பாருங்க, அந்தப் பொண்ணு சொல்லிடும்." என்னைக் கையால் காட்டினார். "சாப்பிடலாமான்னு கேப்பீங்க. நான் சாப்பிடறேன். நீங்க யோசிச்சு வாங்குங்க."

அந்த அம்மா யோசித்தார். கொத்தவரையில் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். குனிந்து ஒரு கத்திரிக்காயை எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் வைத்துவிட்டார். "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனார். அடுத்து வந்தவர், நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கத்திரிக்காயே வாங்கினார். இருட்டுவதற்குள் மேசை காலியாகி, தார்ப்பாயில் பாதி மிச்சம் இருந்தது.

மிச்சத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டே சின்னத்தை என்னைப் பார்த்தார். "மேஸ்திரி அந்த முக்குல நின்னு பாத்துகினே இருந்தான், கவனிச்சியா? திங்கக்கிழமைக்கு ஆளு வேணுமாம். சனிக்கிழமைக்குக் கீரை வேணுமான்னு கேட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அதை அவருக்குக் காட்டாமல் துணியை மடித்தேன்.

"இன்னாத்துக்கு மூஞ்சியத் திருப்புற? அடுத்த வாரம் உங்க மாமியா வயல நான்தான் பாக்கப்போறேன். மேடங்கிட்ட கேட்டாச்சு. நானும் அவளும் ஒரே வூட்டுல உலை வெக்கல. பம்புசெட்டுல உக்காந்து மோரு குடிக்கிற ஆளு நானில்ல. சாக்கு, டிரம்மு, சந்து பொந்து எல்லாம் பாப்பேன்."

அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். எனக்குச் சுரீரென்றது. மாமியார் வீட்டுக் கொல்லையில் பழைய யூரியா சாக்குகள் இருந்தன. கழுவி, வெட்டி, உளுந்து காயவைக்க விரித்திருப்பார். விதைநெல் கட்டி வைத்திருப்பதும் அந்தச் சாக்கு ஒன்றில்தான். உரச் சாக்கில் விளைச்சல் படக் கூடாது என்பது அலுவலர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்.

கைபேசியை எடுத்து மாமியாரை அழைத்தேன். மணி அடித்தது. அந்தச் சாக்கையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மறுபடியும் மணி அடித்தது. அதற்குள் துண்டித்துவிட்டேன். சின்னத்தைக்கு யாரும் முன்கூட்டி போன் செய்து சொல்லவில்லை.

மறுநிமிடமே அவர் திருப்பி அழைத்தார். "இன்னாம்மா, கூப்புட்ட?"

"ஒண்ணுமில்ல அத்தை. கடை நல்லா போச்சு. அடுத்த வாரம் சின்னத்தை உங்க வயலைப் பாக்க வராங்களாம்."

"வரட்டுமே. எங்கிட்ட இன்னா இருக்குது?"

"வந்து பாக்கட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.